இருபத்தைந்து டிகிரிக்காகக் காத்திருந்த வருடம்

இருபத்தைந்து டிகிரி என்பது கடலூரிலும் சிதம்பரத்திலும் மார்கழியில் மட்டும் கிடைக்கும் பொருள். அதுவும் விடிவதற்கு முன் தொடங்கி, வெயில் சுவரில் ஏறும் வரைக்கும்தான். மற்ற மாதங்களில் எங்களுக்கு அறை வெப்பநிலை என்றால் முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று. ஆனால் வேதியியல் புத்தகம் எதைப் பிரித்தாலும் அளவுகள் இருபத்தைந்தில்தான் இருக்கும். அவற்றை எழுதியவர்கள் ஊரில் ஜன்னலைச் சாத்தினால் அந்த வெப்பநிலை தானாக வந்துவிடும் போலிருக்கிறது.

நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு கடலூர் வீட்டில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். தெருவில் போகும் ஷேர் ஆட்டோவில் எத்தனை தலை, எதிர்வீட்டு முருங்கையில் எத்தனை காய், மேல்நிலைத் தொட்டி நிரம்ப மோட்டார் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று. என் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"எதனா எண்ணித்தான் ஆவணும்னா, உருப்படியா எங்கனா போயி எண்ணுங்களேன். இங்க உக்காந்து நான் எத்தினி தடவ இருமுறேன்னு எண்ணிகிட்டு."

அப்படித்தான் சிதம்பரத்தில் பகுதி நேர ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்தேன். என் வழிகாட்டிப் பேராசிரியை என்னைவிட இருபது வயது இளையவர். அவர் என்னை "சார்" என்பார், நான் அவரை "மேடம்" என்பேன். யார் யாருக்கு முதலில் எழுந்து நிற்பது என்ற குழப்பம் கடைசி வரை தீரவில்லை.

என் ஆராய்ச்சிப் பொருள் ஒரு வெள்ளைத் தூள். சோப்புக்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லலாம். தலைமுடி மிருதுவாக இருப்பதற்குத் தடவுகிற கிரீம்களில் இது சேரும். இதன் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தண்ணீரை விரும்பும் ஒரு தலையும், தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும் ஒரு நீண்ட வாலும் உண்டு. தண்ணீரில் கொஞ்சமாகக் கரைத்தால் தனித்தனியாகத் திரியும். துளித் துளியாகக் கூட்டிக்கொண்டே போனால், ஓர் அளவில் திடீரென்று ஒன்றுகூடும். வால்களை உள்ளே ஒளித்து, தலைகளை வெளியே காட்டி, உருண்டையாக. அந்த உருண்டைக்கு மிசெல் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாது. கரைசலில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று ஒவ்வொரு முறை தூளின் கரைசலைச் சேர்த்த பின்னும் அளந்து வரைபடம் போட்டால், நேராக ஏறி வந்த கோடு ஓரிடத்தில் மடிந்து, பிறகு மெதுவாக ஏறும். அந்த மடிப்புதான் கூட்டம் சேர்ந்த இடம்.

மடிப்பு எங்கே விழுகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. உப்பு கலந்தால் அது சீக்கிரம் விழுந்துவிடும். யூரியா கலந்தால் தள்ளிப்போகும். சூடு கூடினால் அதுவும் இடம் மாறும். உப்பு, சர்க்கரை, யூரியா என மூன்று சேர்மானம். இருபத்தைந்திலிருந்து நாற்பத்தைந்து வரை ஐந்து வெப்பநிலை. ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்தாக வேண்டும். எண்ணுகிறவனுக்கு இதைவிட நல்ல வேலை அமையாது.

முதல் வருடம் சனிக்கிழமைதோறும் என் மனைவியும் என்னோடு வந்தாள். ரயில் பாதையை அகலமாக்குவதற்காகப் பிடுங்கிப் போட்டிருந்த காலம் அது. பஸ்தான். ஆலப்பாக்கம் தாண்டியதும் அவள் தூங்கிவிடுவாள். முட்லூரில் யாராவது முறுக்கு விற்றால் மட்டும் விழித்துக்கொள்வாள். நான் கருவியைச் சூடேற்றி, கரைசல் பாத்திரம் நிற்கும் தொட்டியின் தண்ணீர் வேண்டிய வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருக்கும் நேரத்தில் அவள் கோயிலுக்குப் போய்வருவாள். திரும்பி வந்து விபூதிக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்காருவாள். நான் அளவைச் சொல்வேன். அவள் அதைத் திருப்பிச் சொல்லி எழுதுவாள்.

"தொண்ணூற்று நான்கு புள்ளி ஆறு."

"தொண்ணூத்தி நாலு புள்ளி ஆறு. ம்."

அந்த "ம்" வந்தால்தான் நான் அடுத்த அளவைச் சேர்ப்பேன். ஒருநாள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "ஏங்க, அதுங்களுக்கு எப்பிடித் தெரியும், இப்ப சேரணும்னு?"

தெரியாது, வேறு வழியில்லாமல் சேர்கின்றன, தண்ணீர் அவற்றை ஒதுக்குகிறது என்று விளக்கினேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"கல்யாண வீட்டுல தெரியாதவங்க நடுவுல மாட்டிகிட்டா, நாமளும் நம்ம ஊரு ஆளுங்களாத் தேடிப்போயி ஒரு மூலையில உக்காந்துக்குறோமே, அது மாதிரியா?"

"கிட்டத்தட்ட."

"அப்ப நேராச் சொல்ல வேண்டியதுதானே? தலையாம், வாலாம்."

2007 ஐப்பசியில் அவள் பெங்களூருக்குப் போனாள். எங்கள் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து, விடுமுறை முடிந்து, வேலைக்குத் திரும்ப வேண்டிய நேரம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். என்னையும் வரச் சொன்னார்கள். எனக்கு இருபத்தைந்து டிகிரி அளவுகள் மட்டும் பாக்கி. மற்ற நான்கு வெப்பநிலையும் முடிந்திருந்தது. சிதம்பரத்துத் தொட்டி தண்ணீரைச் சூடாக்கத்தான் செய்யும், குளிர்விக்காது. ஆகவே அறை இருபத்தைந்துக்குக் கீழே இருந்தால்தான் இருபத்தைந்தில் நிறுத்த முடியும். அதற்கு மார்கழி வர வேண்டும்.

"மார்கழி முடிஞ்சதும் வந்துடுறேன்" என்றேன்.

"தைக்கு வந்துடுவீங்க?"

"தைக்கு வந்துடுவேன்."

அவளுக்குப் பெட்டி கட்டிக் கொடுத்தது நான்தான். புடவைகளை எண்ணி அடுக்கினேன். அவள் தலையணை உறையை எடுத்துப் போகவில்லை. அதை நான் துவைக்கவும் இல்லை.

அந்த மார்கழி எங்களை ஏமாற்றியது. மழை விடவில்லை. மேகம் மூடிய விடியலில் குளிர் இறங்காது. அதோடு மின்வெட்டு. கரண்ட் போனால் தொட்டி தன்னிஷ்டத்துக்கு ஆறிப்போகும். வந்ததும் மறுபடி முதலிலிருந்து. சிதம்பரத்தில் ஒரு லாட்ஜில் தங்கி, இருட்டோடு எழுந்து போய்ப் பார்த்ததில் உப்பு வரிசை மட்டும் முடிந்தது. சர்க்கரையும் யூரியாவும் நின்றன. அந்த வருடம் தை பிறந்தும் மேகம் விலகவில்லை; அறை விடியற்காலையிலும் இருபத்தேழுக்குக் கீழே இறங்கவில்லை.

போனில் சொன்னேன். "அடுத்த மார்கழின்னா குழந்த ஓடவே ஆரம்பிச்சிடும்" என்றாள்.

வீட்டில் ஒற்றை டம்ளர் காபிக்குப் பால் எவ்வளவு என்று எனக்குக் கைவரவே இல்லை. தினமும் மிஞ்சியது. ஆய்வகத்திலும் அப்படித்தான். "தொண்ணூற்று நான்கு புள்ளி ஆறு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அடுத்ததைச் சேர்க்காமல் நிற்பேன். யாரும் "ம்" சொல்லமாட்டார்கள். நானே பேனாவை எடுத்து எழுதிக்கொண்டு, கருவியைத் திரும்பிப் பார்ப்பதற்குள் எண் கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

அவள் ஞாயிறு காலையில் போன் செய்வாள். பின்னால் குக்கர் விசில் கேட்கும். எத்தனை விசில் என்று எண்ணி, என்ன வேகிறது என்று ஊகிப்பேன். ஒரு ஞாயிறு அவள் சொன்னாள்: "மாப்பிள்ள கூடத்துல கடியாரம் மாதிரி ஒண்ணு மாட்டியிருக்காரு. டிகிரி காட்டுது. உங்க இருபத்தஞ்சு இங்க சும்மாவே கெடக்குதுங்க. மெஷினத் தூக்கிகிட்டு வந்துடுங்களேன்."

"மெஷின் நம்மளுது இல்ல."

"அது தெரியும். சும்மா சொன்னேன்."

சும்மா சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அன்று மாலையே முதுநகர் பக்கம் பஸ் ஏறினேன். அடுத்த மார்கழி வரை காத்திருக்க முடியாது என்றால் குளிரை வேறு எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். கடலூரில் குளிர் விற்கும் இடம் துறைமுகம்தான். படகுகளுக்கும் மீன் லாரிகளுக்கும் ஐஸ் பாளங்களை உடைத்துக் கொடுப்பார்கள். தெர்மாகோல் பெட்டியும் அங்கேயே ஒன்று பழையதாகக் கிடைத்தது. அடுத்த சனிக்கிழமை காலை, ஐஸை அள்ளிப் போட்ட அம்மாள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"மீனு எங்க சார்?"

"மீன் இல்லம்மா. ஐஸ் மட்டும்தான்."

"வெறும் ஐஸ்ஸா? எதுக்கு?"

"தண்ணிய ஜில்லுனு வைக்க."

"அதுக்கு பானை வாங்குங்களேன் சார்" என்று சொல்லிவிட்டு இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டார்.

பஸ்ஸில் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டேன். பழைய பெட்டி ஆதலால் வாசம் இருக்கத்தான் செய்தது. கண்டக்டர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு வந்தார்.

"மீனா சார்? லக்கேஜ் போடணும்."

"மீன் இல்லப்பா."

"வாசம் வருதே சார். தெறங்க."

திறந்தேன். கண்டக்டர் குனிந்து பார்த்தார். முன்சீட்டுக்காரரும் எழுந்து பார்த்தார். வெறும் ஐஸ். முன்சீட்டுக்காரர் என் தோளைத் தொட்டு, மிகுந்த வருத்தத்தோடு சொன்னார்:

"ஐயோ சார். மீன எவனோ அடிச்சிட்டான் சார். நல்லா பாத்து வாங்குறதில்ல?"

பஸ் முழுக்க என்மேல் இரக்கப்பட்டது. பின்னாலிருந்து ஒருவர், எந்த இடத்தில் வாங்கினேன், வஞ்சிரமா வவ்வாலா என்று விசாரித்தார். நான் விளக்க முயன்றேன். மிசெல் என்று ஆரம்பித்ததும் அதிர்ச்சியில் உளறுகிறேன் என்று நினைத்து, ஒரு பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். கண்டக்டர் லக்கேஜ் போடவில்லை.

ஐஸ் வேலை செய்தது. தொட்டியைச் சுற்றி ஐஸை அடுக்கி, சூடேற்றும் கம்பி அதற்கு எதிராக வெப்பத்தைத் தள்ள, நடுவில் வெப்பமானி இருபத்தைந்தில் வந்து நின்றது. வெளியே பங்குனி வெயில். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சர்க்கரை வரிசையைத் தொடங்கினேன். குடுவையிலிருந்து நான் சேர்க்கும் அடர்ந்த கரைசல் அறைச் சூட்டில் இருந்தால், ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் தொட்டிக்குள் இருக்கும் கரைசல் சூடேறிவிடுமே என்று எனக்குக் கவலை. ஆகவே அந்தக் குடுவையையும் ஐஸ் பெட்டிக்குள் செருகி வைத்தேன்.

வரைபடம் போட்டபோது மடிப்பு வெகுதூரம் தள்ளி விழுந்திருந்தது. வழிகாட்டி என் கையிலிருந்து தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"சார், சர்க்கரை கூட்டத்தைக் கொஞ்சம் சீக்கிரம்தானே சேர்க்கணும்? இவ்வளவு தள்ளுதா?"

"தள்ளுது மேடம்."

"இன்னொரு தரம் பண்ணுங்க சார். இது நிஜமா இருந்தா பெரிய விஷயம்."

இன்னொரு முறை, மற்றொரு முறை. ஒவ்வொரு சனிக்கிழமையும் மீன் வாசத்தோடு ஐஸ், மடிப்பு அதே இடத்துக்கு அருகில். வழிகாட்டிக்கு உற்சாகம் தாங்கவில்லை. சர்க்கரையின் அளவைக் கூட்டியும் குறைத்தும் ஒரு தனி வரிசை செய்யலாம் என்றார். எனக்கும் ஆசைதான். இத்தனை வயதுக்கு மேல் யாரும் பார்க்காத ஒன்றை நான் பார்த்திருக்கிறேன் என்ற எண்ணம் தூக்கத்தில்கூட இனித்தது. சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. போனில் ஆனி என்றேன், பிறகு ஆடி கழியட்டும் என்றேன்.

"பெரிய விஷயமாம். மேடமே சொல்றாங்க" என்றேன் ஒரு ஞாயிறு.

"நல்லதுங்க" என்றாள். அவ்வளவுதான். குக்கர் இரண்டு விசில் அடித்தது. குழந்தை எதையோ தள்ளிவிட்ட சத்தம் கேட்டது. "வெச்சிடுறேன்" என்று வைத்துவிட்டாள். அதற்கடுத்த ஞாயிறு அவள் போன் செய்யவில்லை. நான் செய்தேன். குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பதாக மகள் சொன்னாள்.

ஆடியில் ஒரு சனிக்கிழமை வேலையின் நடுவில் கரண்ட் போயிற்று. செய்வதற்கு ஒன்றுமில்லாமல், ஐஸ் பெட்டியிலிருந்து குடுவையை எடுத்து ஈரத்தைத் துடைத்தேன். விளக்கில்லாத அறையில் ஜன்னல் வெளிச்சம் குடுவையின் அடியில் பட்டது. அங்கே பட்டு நூல் போல வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. ஊசி ஊசியாகப் படிகங்கள். குடுவையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். உள்ளங்கைச் சூட்டில் ஊசிகள் மெல்லக் கரைந்து, தண்ணீர் மறுபடி தெளிவானது.

இந்தத் தூளுக்கு ஒரு குணம் உண்டு. இருபத்தைந்தை ஒட்டிய ஒரு வெப்பநிலைக்குக் கீழே போனால், அடர்ந்த கரைசலில் அது கரைந்திருக்காது; படிகமாகி அடியில் உட்கார்ந்துவிடும். பாடத்தில் படித்ததுதான், நடத்தியதும்தான். ஆனால் எங்கள் ஊரில் கண்ணால் கண்டதில்லை. வருடம் முழுவதும் சூட்டோடு மல்லுக்கட்டுகிறவனுக்குக் குளிரால் ஒன்று கெட்டுப்போகும் என்று தோன்றவே இல்லை. இத்தனை வாரமும் தூள் அடியில் கிடக்க, மேலே இருந்த நீர்த்த கரைசலை உறிஞ்சி உறிஞ்சி ஊற்றியிருக்கிறேன். நான் கணக்கில் எழுதிய அளவு தூள் உள்ளே போகவே இல்லை. சர்க்கரை எதையும் தள்ளவில்லை.

வழிகாட்டியிடம் போய்ச் சொன்னேன். குடுவையை மறுபடி ஐஸில் வைத்து, ஊசிகள் முளைப்பதை இருவரும் நின்று பார்த்தோம். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"சிதம்பரத்துல, குளிரு ஜாஸ்தியாகி ஒரு சோதனை கெட்டுப்போச்சுன்னா யாராவது நம்புவாங்களா சார்?"

அன்று மாலை வீட்டுக்கு வந்து நானே போன் செய்தேன். அவளே எடுத்தாள். பெரிய விஷயம் ஒன்றுமில்லை, தூள் குளிரில் அடியில் உறைந்து உட்கார்ந்துவிட்டது, எல்லாம் தண்ணீராகப் போயிற்று, முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று சொன்னேன்.

"அடியில உக்காந்துகிச்சா?" என்றாள். "இங்க தைமாசம் தேங்கா எண்ண கட்டியாப் போச்சி. வெயில்ல வச்சி உருக்குனேன். அவ்ளோதானே? அதுக்கு ஏன் கொரல் இப்பிடிப் போவுது?"

"எத்தனை வாரம் போச்சு தெரியுமா?"

"எனக்குத் தெரியாதா?" என்றாள். "நீங்க மட்டுந்தான் எண்ணுவீங்களா?" என்றாள்.

இருவரும் போனை வைக்கவில்லை. அவள் மூச்சுவிடுவது கேட்டது. அவளுடைய பழைய இருமல் ஒருமுறை வந்து போயிற்று.

குடுவையை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்திவைத்து, தொட்டிக்கு மட்டும் ஐஸ் போட்டு, மறுபடி எல்லாவற்றையும் செய்தேன். சர்க்கரையில் மடிப்பு எல்லாரும் சொன்ன இடத்தில், கொஞ்சம் முன்னதாக விழுந்தது. யூரியாவில் தள்ளி விழுந்தது, அதுவும் எல்லாரும் சொன்னபடியே. புரட்டாசி நடுவில் கடைசி அளவை எழுதி முடித்தேன். உலகத்துக்குப் புதிதாக ஒன்றுமில்லை. கோடுகள் மட்டும் சுத்தமாக இருந்தன.

வழிகாட்டி வரைபடங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு சார். நாலாவதா ஆல்கஹால் ஒண்ணு சேர்த்துட்டா ஆய்வு இன்னும் கனமா இருக்கும். ஆறு மாசம்தான்."

ஆல்கஹால் மிசெலுக்குள்ளேயே புகுந்து உட்காரும். அதன் மடிப்பை எப்படிப் போடுவது என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மனதில் கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது. எத்தனை செறிவு, எத்தனை வெப்பநிலை, எத்தனை சனிக்கிழமை. கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன்.

"இல்ல மேடம். இதோட எழுதிக் குடுத்துடுறேன். ஊருக்குப் போவணும்."

"கடலூர்ல இருந்துதானே சார் வர்றீங்க? எந்த ஊருக்கு?"

"பெங்களூருக்கு."

அவர் வரைபடங்களை அடுக்கி வைத்தார். எழுந்து நின்றார். நானும் எழுந்திருந்தேன்.

தீபாவளிக்கு முன்பே போய்விட்டேன். மருமகன் பஸ் நிலையத்துக்கு வந்து அழைத்துப்போய் வீட்டில் விட்டுவிட்டு அலுவலகம் போனார். மகள் ஏற்கெனவே போயிருந்தாள். கதவு தாழிடாமல் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். ஓர் அறையில் அவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள், விழித்தபடி. பக்கத்தில் குழந்தை தூங்கியது. அதன் கை அவள் முந்தானையைச் சுருட்டிப் பிடித்திருந்தது. அவள் எழ முயலவில்லை. கண்ணாலேயே தரையைக் காட்டினாள்.

"எழுந்தா முழிச்சிக்கும்" என்றாள் கிசுகிசுப்பாக. "உக்காருங்க."

கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தேன். அவள் இளைத்திருந்தாள். முன்பக்கத்தில் நரை கூடியிருந்தது. அவளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஷேவ் பண்ணல?"

"பஸ்ல வந்தேன்ல."

"எத்தினி நாளைக்கி?"

அவள் கேட்ட விதம், விருந்தாளியைக் கேட்பது போலத்தான் இருந்தது. நேரம் கேட்பது போல, பதிலுக்குப் பெரிதாக எதிர்பார்ப்பு இல்லாமல்.

"திரும்பிப் போறதுக்கு டிக்கெட் எடுக்கல."

குழந்தை உதட்டைச் சப்பியது. அது அடங்கும் வரை காத்திருந்துவிட்டு, அதே கிசுகிசுப்பில் கேட்டாள்:

"மோட்டாரு சாவி?"

"பக்கத்து வீட்டுல குடுத்திருக்கேன்."

"கேஸு மூடுனீங்களா?"

"மூடினேன். ரெண்டு தடவ பாத்தேன்."

"ரெண்டு தடவதானா?"

சிரிப்பு வந்தது, இருவரும் சத்தம் போடாமல் அடக்கினோம். பிறகு அவள், குழந்தையின் பக்கம் இல்லாத கையை மெதுவாக உருவி, கட்டில் விளிம்புக்கு மேலாக நீட்டி, என் தலையில் வைத்தாள். விரலை முடிக்குள் விட்டு அப்படியே வைத்திருந்தாள். குழந்தை எப்போது விழிக்கும் என்று தெரியவில்லை. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.